கைப்பேசிக் கணக்கு: 104 செ.மீ. பாப்பா குள்ளமா?

மதுரை கே.கே. நகரிலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருக்கிறார். மகளுக்குப் போன வாரம்தான் 5 வயது முடிந்தது. தடுப்பூசி போடப் போன இடத்தில் உயரம் பார்த்திருக்கிறார்கள்: 104 செ.மீ. கம்ப்யூட்டரில் பிரின்ட் எடுத்துக் கொடுத்த சீட்டில், உயரத்துக்குப் பக்கத்தில் 'இசட் ஸ்கோர்: -1.14' என்று இருந்திருக்கிறது. டாக்டர் "ஒண்ணும் பயப்பட வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால், மைனஸ் என்று பார்த்த பிறகு தாய் மனசு சும்மா இருக்குமா?

மாமியார், "நம்ம வீட்டுல எல்லாருமே கட்டைதானம்மா... இதுக்குப் போய் ஏன் அலையுற?" என்கிறாராம். பக்கத்து வீட்டு அக்கா உயரத்துக்கென்று விற்கும் சத்துபானத்தின் பெயரைச் சொல்லி, டப்பா விலையையும் சொல்லியிருக்கிறார். வாசகியின் கேள்வி இதுதான்: "அந்த மைனஸ் 1.14-க்கு என்ன அர்த்தம்? என் பொண்ணு குள்ளமா? போன்லயே கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா?"

முடியும். ஒரே ஒரு வரி ஃபார்முலா போதும். போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் நல்லது. எக்ஸெல் ஆப் இருந்தாலும் சரி.

ஃபார்முலாவுக்கு முன்னால் ஒரு படத்தை மனசில் வரைந்துகொள்ளுங்கள். நன்றாகச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் வளர்ந்த 5 வயதுப் பெண் குழந்தைகள் 1,000 பேரை உயர வாரியாக நிறுத்துகிறோம். 109 செ.மீ. பக்கத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். 105-லும் 114-லும் கொஞ்சம் குறையும். 98-லும் 121-லும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்பார்கள். இதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், களத்தில் குவித்த நெல் அம்பாரம் மாதிரி நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரியும். 12-ம் வகுப்பு வணிகக் கணிதத்தில் 'இயல்நிலைப் பரவல்' என்று படித்தது இதைத்தான். கடைசிப் பக்கத்து அட்டவணையில் விரல் வைத்துத் தேடினோமே, அதேதான்!

இந்தக் குவியலை வரைய இரண்டு எண்கள் போதும். முதலாவது சராசரி, அதாவது உச்சி எங்கே இருக்கிறது என்பது. இரண்டாவது திட்ட விலக்கம், அதாவது குவியல் எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட குழந்தை வளர்ச்சித் தரநிலையில், சரியாக 5 வயதான பெண் குழந்தைக்குச் சராசரி 109.4 செ.மீ. திட்ட விலக்கம் சுமார் 4.75 செ.மீ. ஆண் குழந்தைக்கு 110 மற்றும் 4.65.

இப்போது அந்த மைனஸ் 1.14 எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 104-லிருந்து 109.4-ஐக் கழித்தால் -5.4. அதை 4.75-ஆல் வகுத்தால் -1.14. அவ்வளவுதான். சராசரியிலிருந்து எத்தனை 'திட்ட விலக்கம்' தள்ளி நிற்கிறாள் என்பதைத்தான் இசட் ஸ்கோர் சொல்கிறது. மைனஸ் என்றால் சராசரிக்குக் கீழே. உலகத்தில் ஆரோக்கியமாக இருக்கிற குழந்தைகளிலும் பாதிப் பேருக்கு மைனஸ்தான் வரும். மைனஸைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தால், பாதி ஊர் பயப்பட வேண்டியதுதான்.

சரி, இந்தக் குவியலில் நம் பாப்பாவுக்குக் கீழே எத்தனை பேர்? ஷீட்ஸில் ஒரு காலிக் கட்டத்தைத் தொட்டு, சமக்குறி போட்டு, ஆங்கில எழுத்தில் என்-ஓ-ஆர்-எம், ஒரு புள்ளி, பிறகு டி-ஐ-எஸ்-டி என்று அடியுங்கள். முதல் நாலு எழுத்து அடிக்கும்போதே ஆப் பட்டியல் காட்டும், தொட்டால் போதும். அடைப்புக்குறிக்குள் வரிசையாக நான்கு விஷயம்:

=நார்ம்.டிஸ்ட்(104, 109.4, 4.75, ட்ரூ)

குழந்தையின் உயரம், சராசரி, திட்ட விலக்கம், கடைசியில் ட்ரூ. எல்லாமே ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். என்டர் தட்டினால் 0.1278 என்று வரும். அதாவது, ஆரோக்கியமாக வளர்ந்த 100 பெண் குழந்தைகளை நிறுத்தினால், கிட்டத்தட்ட 13 பேர் இந்தப் பாப்பாவைவிட உயரம் குறைவாக இருப்பார்கள். 87 பேர் அதிகமாக இருப்பார்கள். 30 பேர் இருக்கும் யு.கே.ஜி. வகுப்பு என்றால், பிரேயரில் முன்னாலிருந்து நாலாவதோ ஐந்தாவதோ நிற்பாள். வாசகியின் 'குள்ளமா?' என்ற கேள்விக்குக் கணக்கின் பதில்: கொஞ்சம் குட்டைதான், ஆனால் குவியலுக்கு உள்ளேதான் இருக்கிறாள்.

அந்தக் கடைசி ட்ரூவை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஃபால்ஸ் என்று போட்டால் ஆப் தவறு என்று சொல்லாது, சமர்த்தாக 0.044 என்று வேறொரு எண்ணைத் தரும். அதைப் பார்த்துவிட்டு "100-ல் வெறும் 4 பேர்தான் என் பொண்ணைவிடக் குறைவா!" என்று ஓர் அம்மா தூக்கத்தைத் தொலைக்க வாய்ப்பு இருக்கிறது. 104 செ.மீ. இருக்கும் இடத்தில் குவியல் எவ்வளவு உயரம் என்பதைத்தான் 0.044 சொல்கிறது, கீழே எத்தனை பேர் என்பதை இல்லை. கோட்டுக்கு இடதுபக்கம் உள்ள மொத்தப் பரப்பும் வேண்டும் என்றால் ட்ரூ. நமக்கு எப்போதும் அதுதான் வேண்டும்.

மற்ற கேள்விகளும் இதே ஃபார்முலாவில் அடக்கம். 115 செ.மீ.க்கு மேல் எத்தனை பேர்? 115-க்குப் போட்டு, வரும் விடையை 1-லிருந்து கழியுங்கள்: 0.12. 105-க்கும் 115-க்கும் நடுவில்? 115-ன் விடையிலிருந்து 105-ன் விடையைக் கழித்தால் 0.70. பத்தில் ஏழு குழந்தைகள் அந்த 10 செ.மீ.க்குள் அடங்கிவிடுகிறார்கள். தலைகீழாகவும் கேட்கலாம். 'கடைசி 3 சதவிகிதத்தின் எல்லை எது?' என்றால், டிஸ்ட் இருந்த இடத்தில் இன்வ் (ஐ-என்-வி) போட்டு, 0.03, 109.4, 4.75 என்று கொடுத்தால் 100.5 செ.மீ. என்று வரும்.

வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இருந்தால், ஷீட்ஸ்கூட வேண்டாம். நம் ஊர் காலேஜ் பைகளில் கிடக்கும் கேசியோ 991 எம்.எஸ். கால்குலேட்டரை எஸ்.டி. மோடில் வைத்து, ஷிஃப்ட் அழுத்தி 3-ஐ அழுத்தினால் பி, க்யூ, ஆர் என்று மூன்று வரும். பி-யைத் தேர்ந்தெடுத்து இசட் ஸ்கோரைக் கொடுத்தால் அதே விடை. 'இத்தனை நாளா இந்தப் பட்டன் எதுக்குன்னே தெரியாது' என்று பலர் சொல்லக்கூடும். புது கிளாஸ்விஸ் மாடல்களில் டிஸ்ட்ரிபியூஷன் என்றே தனி மோடு உண்டு. அதில் கீழ் எல்லை, மேல் எல்லை, திட்ட விலக்கம், சராசரி என்று கேட்கும். ஷீட்ஸில் சராசரி முன்னால் வரும், இதில் திட்ட விலக்கம் முன்னால் வரும். மாற்றிப் போட்டுவிட்டுத் திகைக்க வேண்டாம்.

சிங்கப்பூரில் ஜூனியர் காலேஜ் போகும் நம் பிள்ளைகள் கையில் கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கும், அங்கே தேர்வுக்கே அது தேவை. டி.ஐ. 84 என்றால் நார்மல்சிடிஎஃப் கட்டளை. கீழ் எல்லைக்கு மைனஸ் முடிவிலி கொடுக்க முடியாது என்பதால், மிகப் பெரிய மைனஸ் எண் ஒன்றைக் கொடுக்கச் சொல்வார்கள். உயரக் கணக்கில் அதுகூட வேண்டாம்; 0 செ.மீ.க்குக் கீழே குழந்தை கிடையாதே! அந்தக் கால்குலேட்டரில் ஒரு வசதி உண்டு: குவியலை வரைந்து, நாம் கேட்ட பகுதியைக் கறுப்பாக நிழலிட்டுக் காட்டும். எண்ணைவிடப் படம் சீக்கிரம் புரிகிற ஆட்களுக்கு அது அருமை.

உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் போட்டுப் பார்க்க மற்ற வயதுகளுக்கான எண்களையும் தருகிறேன். 2 வயது ஆண்: சராசரி 87.1, திட்ட விலக்கம் 3.1. பெண்: 85.7, 3.2. 3 வயது ஆண்: 96.1, 3.7. பெண்: 95.1, 3.8. 4 வயது ஆண்: 103.3, 4.2. பெண்: 102.7, 4.3. எல்லாம் நிற்கவைத்து அளக்கும் உயரம். 2 வயதுக்குக் கீழே படுக்கவைத்துத்தான் நீளம் அளப்பார்கள். படுத்தால் நின்றதைவிட 0.7 செ.மீ. கூடுதலாக வரும், அதனால் இரண்டையும் கலக்கக் கூடாது. 5 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பான ஐ.ஏ.பி. 2015-ல் திருத்தி வெளியிட்ட வரைபடத்தை நம் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இதே ஃபார்முலாவில் எடையைப் போடாதீர்கள். 5 வயதுப் பெண் குழந்தைக்கு நடு எடை 18.2 கிலோ. இரண்டு படி கீழே 13.7 கிலோ. இரண்டு படி மேலே 24.9. கீழே இறங்க 4.5 கிலோ, மேலே ஏற 6.7 கிலோ! குவியல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. உயரம் ஒழுங்கான அம்பாரம், எடை சரிந்த அம்பாரம். அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. மருத்துவமனை சாஃப்ட்வேர் அதைப் பார்த்துக்கொள்ளும்.

வாசகியின் கேள்வி இதோடு முடிந்துவிடுகிறது. ஆனால், கட்டத்தில் ஃபார்முலா அப்படியே இருக்கிறது. உயரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் விஷயம் கொஞ்சம் பெரிதாகிறது.

சராசரியைவிட இரண்டு திட்ட விலக்கம் கீழே போனால், அதை 'வயதுக்கேற்ற உயரமின்மை' என்கிறார்கள். 5 வயதுப் பெண் குழந்தைக்கு அது 99.9 செ.மீ. ஆண் குழந்தைக்கு 100.7. நார்ம்.டிஸ்ட்டில் 99.9-ஐப் போடுங்கள்: 0.0228. அதாவது, எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்த குழந்தைகளிலும் 1,000-க்கு 23 பேர் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். பரம்பரையிலேயே குட்டையாகப் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகள் அவர்கள். அதனால், ஒரு குழந்தை கோட்டுக்குக் கீழே இருக்கிறது என்பதை வைத்தே நோய் என்று முடிவு கட்ட முடியாது. மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்.

ஆனால், 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 25 சதவிகிதம். இந்தியா முழுமைக்கும் 35.5. முந்தைய ஆய்வில், அதாவது 2015-16-ல், தமிழ்நாட்டுக்கு 27.1. குறைந்திருக்கிறது, சரி. ஆனால், 1,000-க்கு 23 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 250 பேர் இருக்கிறார்கள். 'எங்க வம்சமே கட்டை' என்பது ஒரு வீட்டுக்குப் பொருந்தும். பத்து மடங்குக்கு மேல் கூடிய கணக்கை அதை வைத்து மட்டும் விளக்கிவிட முடியுமா?

முடியும் என்று வாதாடியவர்கள் உண்டு. பிறகு நிதி ஆயோக்கின் துணைத் தலைவராக இருந்த பொருளாதார நிபுணர் அரவிந்த் பனகாரியா, 2013-ல் ஒரு கட்டுரை எழுதினார். உலகம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைப்பதால்தான் இந்தியக் குழந்தைகள் இவ்வளவு மோசமாகத் தெரிகிறார்கள் என்பது அவர் வாதம். மறுத்துப் பலர் எழுதினார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது, அந்த அளவுகோல் எப்படி உருவானது என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, ஆறாவதாக இந்தியா. நம் நாட்டில் தெற்கு டெல்லியில், வசதியான, தாய்ப்பால் கொடுக்கும் குடும்பங்களின் குழந்தைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு நாட்டுக் குழந்தைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். நாடு மாறியதால் வந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது. நல்ல சாப்பாடும் சுத்தமான தண்ணீரும் கிடைத்தால் நம் பிள்ளைகளும் அந்த அளவுக்கு வளர்கிறார்கள் என்பதற்கு, இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு கணக்கு. கோட்டுக்குக் கீழே 25 சதவிகிதம் இருக்க வேண்டும் என்றால் குவியலின் உச்சி எங்கே இருக்க வேண்டும்? புதுக் கட்டத்தில் நார்ம்.எஸ்.இன்வ் என்று ஆங்கிலத்தில் அடித்து 0.25 கொடுங்கள், -0.674 வரும். கோடு -2-ல் இருக்கிறது. ஆக, உச்சி -1.33-ல் இருக்க வேண்டும். இதைச் செ.மீ.க்கு மாற்ற 4.75-ஆல் பெருக்கினால் சுமார் 6.3. அதாவது, 5 வயது ஆகும்போது நம் மாநிலத்தின் 'சராசரி' பெண் குழந்தையே 6 செ.மீ. போலக் குறைவாக நிற்கிறாள். இது குவியலின் அகலம் அப்படியே இருக்கிறது என்று வைத்துக்கொண்ட கணக்கு. ஆய்வுகளில் அளவுப் பிழை, வயதுப் பிழை எல்லாம் சேர்ந்து குவியல் இன்னும் அகலமாகத்தான் இருக்கும். அகலத்தை 1-க்குப் பதில் 1.4 என்று வைத்துப் பார்த்தாலும் 5 செ.மீ. குறைகிறது.

25 சதவிகிதம் என்று செய்தியில் படிக்கும்போது, நாலில் ஒரு குழந்தைக்குப் பிரச்னை, மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன என்றுதான் நமக்குத் தோன்றும். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. குவியல் மொத்தமாக நகர்ந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே நிற்கும் குழந்தைகளிலும் பலர், தாங்கள் எட்டியிருக்கக்கூடிய உயரத்தை எட்டாமல் நிற்கிறார்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தியும் இதே கட்டத்தில் இருக்கிறது. உச்சியை -1.33-லிருந்து -0.83-க்கு, அதாவது அரைப் படி மட்டும் நகர்த்துங்கள். 5 வயதில் அது 2.4 செ.மீ.தான், ஒரு கட்டை விரல் அகலம். =நார்ம்.டிஸ்ட்(-2, -0.83, 1, ட்ரூ) என்று போட்டால் 0.121. இருபத்தைந்து சதவிகிதம் பன்னிரண்டாகிவிட்டது! எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தால், ஓரத்தில் நிற்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுகிறார்கள். அங்கன்வாடி முட்டையை 'வசதி இருக்கிறவன் பிள்ளைக்கு எதுக்கு?' என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

மதுரைக்கும் இந்தக் கதைக்கும் பழைய உறவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு 42 வருடங்களுக்கு முன்னால் நடந்தது அவ்வளவாக யாருக்கும் ஞாபகம் இல்லை. மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சி ரோட்டில் மேலூரைத் தாண்டிப் போனால் வரும் கொட்டாம்பட்டி வட்டாரத்தில், 1980-ல், உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமானது. உலக அளவில் ஊட்டச்சத்துத் துறையில் இன்றைக்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் திட்டம் அது.

அதன் முறை எளிமையானது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை, கிராமத்து ஊட்டச்சத்துப் பணியாளர் மாதா மாதம் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார். எடை ஏறாமல் நிற்கும் குழந்தைக்கும், ஏற்கெனவே மிகவும் மெலிந்திருக்கும் குழந்தைக்கும் 90 நாள் கூடுதல் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள், தேறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். குழந்தை குவியலில் எங்கே நிற்கிறது என்பதோடு, போன மாதத்திலிருந்து இந்த மாதத்துக்கு எப்படி நகர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். சராசரிக்குக் கீழே இருந்தாலும் தன் பாதையில் ஒழுங்காக ஏறும் குழந்தையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சராசரிக்கு மேலே இருந்து சறுக்கும் குழந்தையைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர் 'ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று சொன்னதும் இதற்குத்தான். ஒற்றைப் புள்ளியை வைத்துப் பாதை போட முடியாதே. 4 வயதில் சராசரி 102.7, 5 வயதில் 109.4 என்றால், அந்த ஒரு வருடத்தில் 6.7 செ.மீ. வளர்ச்சி. ஆறு மாதத்துக்கு 3 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இப்போது 104 இருக்கும் பாப்பா ஆறு மாதத்தில் 107-ஐத் தொட்டால், தன் பாதையில் சரியாகப் போகிறாள். நாலு வயதுக்கு மேல் ஒரு வருடத்துக்கு 5 செ.மீ.கூட ஏறவில்லை என்றால், இசட் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. அதுவரை சத்துபான டப்பாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் முட்டையும் பாசிப்பயறும் வாங்கலாம் என்பது என் கருத்து.

மாமியார் சொன்னதையும் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறது. அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, பெண் குழந்தை என்றால் 6.5 கழியுங்கள், ஆண் என்றால் 6.5 கூட்டுங்கள். அப்பா 165, அம்மா 152 என்றால் மகள் வளர்ந்த பிறகு எட்டக்கூடியது 152 செ.மீ. போல வரும். எட்டு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். பெற்றோர் இருவரும் குட்டை என்றால், குழந்தையின் இசட் ஸ்கோர் மைனஸில் இருப்பதில் ஆச்சர்யம் இல்லை. ஆனால் மாமியாரிடம் மெதுவாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தினமும் முட்டையும் பாலும் கிடைத்ததா என்று. குடும்பமே கட்டையாக இருப்பதற்குப் பரம்பரை பாதிக் காரணம் என்றால், அந்தக் காலத்துப் பற்றாக்குறை மீதிக் காரணமாக இருந்திருக்கலாம்.

அடுத்த முறை அளக்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு செ.மீ. தவறு என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். கோட்டுக்குப் பக்கத்தில் அது பெரிது. 100.4 செ.மீ. என்றால் இசட் ஸ்கோர் -1.89, பட்டியலில் பெயர் இல்லை. 99.4 என்றால் -2.11, பெயர் வந்துவிடும். செருப்பைக் கழற்றிவிடுங்கள். உச்சியில் போட்ட கொண்டையையும் ஹேர்பேண்டையும் எடுத்துவிடுங்கள். குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்தலை சுவரில் பட வேண்டும். கண் நேராகப் பார்க்க வேண்டும். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு சேர்த்துப் படுக்கையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கீழிருந்து டேப் பிடியுங்கள். துணி தைக்கும் டேப் நாள்பட்டால் இழுபட்டுவிடும், ஸ்டீல் டேப் நல்லது. இரண்டு தடவை அளந்து, வித்தியாசம் அரை செ.மீ.க்கு மேல் போனால் மூன்றாவது தடவை. முடிந்தால் காலையிலேயே அளந்துவிடுங்கள்; சாயங்காலத்துக்குள் எல்லோருமே கொஞ்சம் குறைந்துவிடுவோம்.

வயதையும் சரியாகப் போடுங்கள். நம் தாத்தா காலத்தில், ஸ்கூலில் சேர்க்க வசதியாகப் பாதிப் பேரைப் பள்ளி திறக்கும் மாதத்தில் பிறந்தவர்களாக்கிவிட்டார்கள். இப்போது பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அந்தத் தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில் மூன்று மாதம் தப்பினால் உயரக் கணக்கில் 1.7 செ.மீ. தப்பிவிடும். ஷீட்ஸில் முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் உயரம் என்று ஆறு மாதத்துக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டே வாருங்கள். நான்காவது வரி வந்ததும் கிராஃப் பட்டனைத் தட்டினால், கொட்டாம்பட்டி அட்டையில் வரைந்த மாதிரி ஒரு கோடு உங்கள் போனிலும் வரும். அதை டாக்டரிடம் காட்டலாம்.